என் வண்டி பிரீமியம் கேட்டது

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி ஐந்து நிமிடம். திண்டிவனம் ரோட்டில், ஒரு புளியமரத்துக்கும் அடுத்த புளியமரத்துக்கும் நடுவே, என் வண்டி இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை இருமவில்லை. நின்றுவிட்டது.

பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் தங்கை ரேவதி. மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் ஹால் டிக்கெட், ஆதார் கார்டு, கறுப்பு மை பேனா இரண்டு. கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அரசு வேலைக்கான பரீட்சை. ஒன்பது மணிக்கு கேட்டை மூடுவார்கள். மூடினால் மூடினதுதான்... அழுதாலும் திறக்க மாட்டார்கள்.

"இன்னாண்ணா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. வண்டி கொஞ்சம் மூச்சு வாங்குது."

"வண்டி நிக்குது. உன் வாய் மட்டும் நிக்கவே நிக்காதா?"

நியாயமான கேள்வி. ஆனால் எனக்குப் பயம் வந்தால் கிண்டல்தான் வரும். சிலருக்கு வியர்க்கும், எனக்கு இப்படி.

பயம் ஏன் என்றால், போன வருஷமும் இதே பரீட்சை. அன்றைக்குப் பஸ் வழியில் மாட்டிக்கொண்டது. ரேவதி போய்ச் சேர்ந்தபோது ஒன்பது மணி இரண்டு நிமிடம். உள்ளே பெல் அடித்து, பேப்பர் கொடுத்து, எல்லோரும் எழுதி முடித்து வெளியே வரும்வரை கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஏன் உடனே திரும்பி வரவில்லை என்று கேட்டதற்கு, "தெரியல" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் எட்டு நாள் வீட்டில் யாரோடும் பேச்சில்லை.

ஒன்பதாம் நாள், பார்த்துக்கொண்டிருந்த துணிக்கடை வேலையை விட்டுவிட்டு ஆறாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தாள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாப் பாடத்தையும் ஒரு வருஷத்தில் இரண்டாம் முறை படித்து முடித்தாள். அதையெல்லாம் நான் முதல் முறையே படித்ததில்லை. பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையோடு பள்ளிக்கூடமும் நானும் சுமுகமாகப் பிரிந்துவிட்டோம் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கும் உங்களுக்குத் தெரியும்.

சரி, இவ்வளவு முக்கியமான நாளில் அவளை ஏன் இந்த இருமல் வண்டியில் ஏற்றினாய் என்று கேட்கிறீர்களா?

அதற்கும் காரணம் என் வாய்தான்.

அன்றைக்குப் பௌர்ணமி. பௌர்ணமியன்று எங்கள் ஊரில் சாமி இருந்த இடத்திலேயே இருக்கும். பஸ் ஸ்டாண்டுதான் கிரிவலம் போகும். எந்த ஊர் பஸ் எந்த மைதானத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதே ஒரு பரீட்சை. அதனால் ரேவதி விடிவதற்குள் கிளம்பி ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கிறேன் என்றாள். புத்திசாலித்தனமான யோசனை. நான்தான் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "பஸ்ஸா? கலெக்டரம்மா பஸ்ல போவாங்களா? வண்டிக்கு பிரீமியம் போட்டு வெச்சிருக்கேம்மா. பறக்கும். ஏழேகாலுக்குக் கெளம்புனா போதும்" என்றேன்.

என் வண்டி நூறு சிசி. வயது பன்னிரண்டு. ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் நான் வேலை செய்யும் காஃபி ஷாப்புக்குப் பாலும் காய்கறியும் சுமக்கிற வண்டி. ஒரு மாதமாக அதற்கு வினோதமான வியாதி. நன்றாக ஓடும். திடீரென்று இருமும். நிற்கும். தள்ளிக்கொண்டு போய் பங்க்கில் பெட்ரோல் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

இதைப் பற்றி இங்கே மூன்று வாரத்துக்கு முன் புலம்பியிருந்தேன். நீங்கள் சும்மா இருப்பீர்களா? கடிதம், வாட்ஸ்அப், நேரில் பிடித்து நிறுத்தி அறிவுரை! செங்கத்திலிருந்து ஒருவர், "சாதா பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்க, பழைய வண்டிக்கு ஒத்துக்காது, கண்ண மூடிக்கிட்டு பிரீமியம் போடு" என்றார். ஆரணியிலிருந்து ஒரு அம்மா, "எங்க வீட்டுக்காரர் பிரீமியம்தான் போடறார். வண்டி இருமறதில்ல, அவர்தான் இருமறார்" என்று எழுதியிருந்தார். ஒரே ஒருவர் மட்டும், "மெக்கானிக்கிடம் காட்டு" என்றார்.

அவருக்கு மட்டும் நான் பதில் போடவில்லை.

பிரீமியம் என்ற சொல்லிலேயே ஒரு மயக்கம் இருக்கிறது. எங்கள் கடையில் தினமும் பார்க்கிறேன். அதே காஃபித்தூள், அதே டம்ளர். பசும்பாலுக்குப் பதில் பாதாம் பால் ஊற்றி விலையை ஏற்றினால், குடிக்கிறவர் கண்ணை மூடி ஒரு நிமிடம் தியானமே செய்துவிடுகிறார். விலை ஜாஸ்தி என்றால் உடம்புக்கு நல்லது. மனுஷனுக்கு அப்படியென்றால் வண்டிக்கு?

போட்டேன். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. அடுத்த வாரம் மறுபடி நின்றது. மறுபடி பிரீமியம். மறுபடி ஒரே உதை. நிரூபணம் ஆகிவிட்டதா இல்லையா? வண்டிக்கு நாக்கு நீண்டுவிட்டது, இனி சாதா இறங்காது என்று நானே முடிவு கட்டினேன்.

அதற்காக வண்டியைக் கவனிக்காதவன் என்று யாரும் என்னைச் சொல்லிவிட முடியாது. வெள்ளிக்கிழமை தவறாமல் கழுவி, சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, சூடம் காட்டுகிறேன். தங்கச்சி பரீட்சை நெருங்க நெருங்கப் பூஜையும் கொஞ்சம் பலமாகவே நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையும் கிளம்பியதும் முதலில் பங்க்குக்குத்தான் போனேன். டேங்க்கில் கால்வாசி இருந்தது. பாதியாக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"அண்ணே, சாதாவா பிரீமியமா?" என்றது பங்க்கில் இருந்த பெண்.

"என் மூஞ்சியப் பாத்தா சாதா மாதிரியா தெரியுது?"

"மூஞ்சியப் பாத்துக் கேக்கலண்ணே. வண்டியப் பாத்துக் கேட்டேன்."

பின்னாலிருந்து முதுகில் ஒரு குத்து. "ஜல்தி போண்ணா."

தெருத்தெருவாகத் தடுப்புகளைச் சுற்றி, பாதயாத்திரைக் கூட்டத்துக்குள் நுழைந்து, ஒருவழியாகத் திண்டிவனம் ரோட்டைப் பிடித்து ஐந்தாவது கியரில் — என் வண்டியில் நாலுதான், சந்தோஷத்தில் ஐந்து போட்டேன் — போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் புளியமரம்.

உதைத்தேன். உதைத்தேன். செருப்பு கழன்று ரோட்டோரம் போய் விழும்வரை உதைத்தேன். வண்டியை ஆட்டிப் பார்த்தேன். உள்ளே சளக் சளக்கென்று பெட்ரோல் ஆடியது. இருக்கிறது. ஆனால் இறங்க மாட்டேன் என்கிறது.

மொபெட்டில் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிய ஒருவர் வந்து நின்றார்.

"இன்னா தம்பி, பெட்ரோல் இல்லியா?"

"இருக்குண்ணே. பிரீமியம்."

"பின்ன இன்னாத்துக்கு நிக்குது?" அவர் தாடையைச் சொறிந்தார். "சாதா மிச்சம் உள்ள இருந்துச்சா? அதான். ரெண்டும் கலந்துட்டா வண்டி கொழம்பிடும். அதோ பங்க் தெரியுது பாரு, அங்க போயி ஃபுல்லா பிரீமியமே ரொப்பிடு. சரியாப் பூடும்."

எனக்கு அது வேதவாக்காகப் பட்டது. நானும் அப்படித்தானே நினைத்திருந்தேன்!

அவர் மொபெட்டில் உட்கார்ந்தபடியே ஒரு காலை நீட்டி என் வண்டியின் ஃபுட்ரெஸ்டில் வைத்துத் தள்ளினார். அரை கிலோமீட்டர். ரேவதி உட்கார இடமில்லை. திரும்பிப் பார்த்தேன். பிளாஸ்டிக் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு, வெயிலில் ரோட்டோரமாக ஓடி வருகிறாள். அந்த ஓட்டத்தைப் பற்றி ஒரு கிண்டல்கூட எனக்குத் தோன்றவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பங்க்கில் டேங்க் மூடியைத் திறந்தேன். ஃபுல். கழுத்துவரை பிரீமியம். உதைத்தேன் — ஒரே உதை!

"பாத்தியா? நான் சொல்லல?"

ரேவதி ஏறி உட்கார்ந்தாள். மணி எட்டு இருபத்திரண்டு. பால்காரர் கையைக் காட்டிவிட்டு அவர் கிராமத்துப் பக்கம் திரும்பினார். நாங்கள் பறந்தோம்.

நாலு கிலோமீட்டர்.

நாலே நாலு கிலோமீட்டரில் மறுபடி அதே இருமல். அதே அமைதி. ரோட்டுக்கு ஒரு பக்கம் வேர்க்கடலைக் கொல்லை, இன்னொரு பக்கம் நெல். ஒரு வீடு இல்லை, ஒரு கடை இல்லை. எட்டரை.

ஒரு பஸ் வந்தது. நடு ரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். படியில் தொங்குகிறவர்களைக் காட்டி டிரைவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டார். எதிரில் வந்த வேன் எல்லாம் மலையைப் பார்த்துப் போகிற வேன். எங்கள் மெக்கானிக் நசீர் பாய்க்குப் போன் போட்டேன். ரிங் போகிறது, எடுக்கவில்லை. மீதி ஆறு கிலோமீட்டர். ஓடினால் எவ்வளவு நேரம்? கணக்கில் நான் எப்படி என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே.

வண்டியை எட்டி உதைத்தேன். கிக்கரை அல்ல, வண்டியை.

"அண்ணா." ரேவதியின் குரல் ரொம்பவும் அமைதியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "மொதல்ல நின்னுச்சே, அதுக்கு முன்னாடி எவ்ளோ தூரம் ஓடுச்சு?"

"இப்ப இன்னா அதுக்கு? கணக்குப் போடற நேரமா இது?"

"போன வருஷம் கேட்டுக்கு வெளிய நின்னப்ப எனக்கு நேரம் நெறைய இருந்துச்சு. இப்ப இல்ல. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

சொன்னேன். "பன்னெண்டு கிலோமீட்டர் இருக்கும்."

"டேங்க்ல அப்ப எவ்ளோ?"

"பாதி."

"இப்ப?"

"ஃபுல்லு."

"இப்ப எவ்ளோ ஓடுச்சு?"

"நாலு."

"நல்ல பெட்ரோல ஜாஸ்தியா ஊத்துனா கம்மியா ஓடுமா?"

வண்டியை மறுபடி ஆட்டிப் பார்த்தேன். ததும்பியது.

"அப்ப பெட்ரோல் இல்ல விஷயம். பங்க்ல போயி இன்னா பண்ண?"

"பெட்ரோல் போட்டேன்."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி இன்னா... மூடியத் தொறந்தேன்."

"சாவியக் குடு."

அவளே சாவியைப் போட்டுத் திருகினாள். புஸ்ஸ்ஸ்... என்று ஒரு சத்தம். ஒரு மாதமாக ஒவ்வொரு பங்க்கிலும் கேட்ட சத்தம்தான். பிரீமியம் அப்படித்தான் பெருமூச்சு விடும் என்று நினைத்திருந்தேன்.

"கேட்டியா? காத்து உள்ள போவுது."

"வெளிய வருது."

"உள்ள போவுது! எண்ணெ டின்னுக்கு எதுக்கு ரெண்டு ஓட்ட போடறோம்? ஒண்ணு எண்ணெ எறங்க. இன்னொண்ணு காத்து போவ. காத்து போவலன்னா எண்ணெ எறங்காது. இதுவும் அப்டித்தான். ஃபுல்லா ரொப்பிட்ட... உள்ள இருக்கற காத்தும் கம்மி. அதான் இன்னும் சீக்கிரமா நின்னுடுச்சு. மூடில ஒரு ஓட்ட இருக்கணும். எங்க?"

இரண்டு பேரும் மூடியைப் பார்த்தோம்.

ஒரு நிமிடம் உங்களைக் கேட்கிறேன். ஹெட்லைட் என்பது வண்டிக்குக் கண். சரிதானே? அப்படியென்றால் நெற்றி எது? நான் யோசித்து யோசித்து, ஒரு மாதத்துக்கு முன், டேங்க் மூடிதான் நெற்றி என்று முடிவு செய்திருந்தேன். வட்டமாக, அம்சமாக, பொட்டு வைக்கவே செய்ததுபோல் நடுவில் ஒரு சின்னப் பள்ளத்தோடு இருக்கும். முதல் வெள்ளி சந்தனம். அதன்மேல் குங்குமம். சாமிக்கு வைத்ததைத் துடைக்கக் கூடாது என்பதால் அடுத்த வெள்ளி அதன்மேலேயே சந்தனம். அதன்மேல் குங்குமம். அப்படி நாலு வெள்ளி. வண்டியைக் கழுவும்போதுகூட அந்த இடத்தில் தண்ணீர் படாமல் கையால் பொத்திக்கொண்டு கழுவியிருக்கிறேன்.

அந்தச் சின்னப் பள்ளத்தில்தான் ஓட்டை.

"யாரு வெச்சது இது?" என்றாள்.

நான் வேர்க்கடலைக் கொல்லையைப் பார்த்தேன்.

"யாருடா வெச்சது?"

பிறந்ததிலிருந்து அவள் என்னை 'டா' போட்டதில்லை.

"நான்தான். உனக்குப் பரீட்ச நல்லாப் போவணும்னுதான்..."

அவள் மூடியைக் கழற்றி என் கையில் திணித்தாள். துப்பட்டாவிலிருந்து ஊக்கைப் பிடுங்கினாள். கிளற ஆரம்பித்தாள். காய்ந்த சந்தனம் சிமெண்ட் மாதிரி இருந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள், கிளறினாள், வாயை வைத்து ஊதினாள். ஒன்றும் அசையவில்லை. எட்டு முப்பத்தேழு. ஊக்கு வளைந்தது. நிமிர்த்திக்கொண்டு மறுபடி கிளறினாள். என் வாய் முதல்முறையாகச் சும்மா இருந்தது. மறுபடி ஊதினாள்... மூடியின் அடிப்பக்கம் வைத்திருந்த என் விரலில் மெல்லிசாகக் காற்று பட்டது.

"வருது ரேவதி! வருது!"

"மூடு. ஓட்டு."

எட்டு நாற்பத்திரண்டு.

அந்த ஆறு கிலோமீட்டரை என்னால் சொல்லி மாளாது. ரோட்டில் பாதியை மறித்து யாரோ நெல் காய வைத்திருந்தார்கள். ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றிலும் வண்டி குதித்தால் அதோடு என் நெஞ்சும் குதித்தது. கண் ரோட்டில் இல்லை, மீட்டரில் ஏறும் கிலோமீட்டர் எண்ணில் இருந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது கிலோமீட்டர் வந்தபோது இரண்டு பேரும் மூச்சை அடக்கினோம். அவள் என் தோளைப் பிடித்த பிடியில் நகம் இறங்கியது.

வண்டி இருமவில்லை.

பள்ளிக்கூடத்து வாசலில் நான் பிரேக் பிடிப்பதற்கு முன்பே குதித்துவிட்டாள். எட்டு ஐம்பத்தைந்து. கேட்டில் ஒரு பெண் போலீஸ்.

"இன்னாம்மா இது, வாயெல்லாம் செவப்பு, கையெல்லாம் செவப்பு?"

"சாமி குங்குமம் மேடம்."

"பூசிக்கற எடமா அது? சரி, போ போ, ஓடு!"

ஓடினாள். உள்ளே போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். என்னையல்ல, கேட்டை. திறந்துதான் இருக்கிறது என்று நிச்சயப்படுத்திக்கொண்டு போய்விட்டாள்.

ஒன்பது மணிக்கு மூடினார்கள். ஒன்பது ஒன்றுக்கு ஆட்டோவில் ஒரு பெண் வந்து இறங்கி, கேட்டுக் கம்பியைப் பிடித்துக் கெஞ்சினாள். யாரும் திறக்கவில்லை. எனக்கு எந்த வேடிக்கையும் தோன்றவில்லை. ரேவதி மிச்சம் வைத்த தண்ணீரைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை.

பத்து மணிக்கு நசீர் பாய் திருப்பிக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் ரொம்ப நேரம் சிரிப்பு.

"பாய், நெசமாச் சொல்லுங்க. என் வண்டிக்கு பிரீமியம் வேணுமா, வேணாமா?"

"அட, அது பெட்ரோலையும் காத்தையும் ரொம்ப இறுக்கி அமுக்கற பெரிய எஞ்சினுக்குடா. அதுல சாதா போட்டாதான் டக்கு டக்குனு தட்டும். உன்துக்கு சாதாவே போதும். வண்டி வாங்குனப்ப குடுத்த புக்குலயே போட்டிருப்பான்."

"மூடில இருந்த குங்குமப் பொட்ட அன்னிக்கு டீக்கடை வாசல்ல நீங்க பாத்தீங்கல்ல? சொல்லியிருக்கலாம்ல?"

"பாத்தேன். சாமி விஷயமாச்சே... நான் போயி எப்டிப்பா அதத் தொடைன்னு சொல்றது? நீ வண்டி நிக்குதுன்னு சொல்லியிருந்தா சொல்லியிருப்பேன். நீதான் எங்கிட்டயே வரலியே. பேப்பர்ல எழுதிக்கினு இருந்த!"

வேப்பமர நிழலில் உட்கார்ந்து யோசித்தேன். எது நின்றாலும் நாம் என்ன செய்கிறோம்? இன்னும் உசத்தியாக எதையாவது உள்ளே ஊற்றுகிறோம். படிப்பு ஏறவில்லையா, இன்னொரு டியூஷன். தூக்கம் வரவில்லையா, இன்னும் விலை கூடின மெத்தை. ஊற்றுகிற அந்த நேரத்தில் மூடி திறக்கிறது; அதில் கொஞ்ச தூரம் ஓடுகிறது; நாம் ஊற்றினதற்கு நல்ல பெயர் கொடுத்துவிடுகிறோம். எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்க ஒரு ஊக்கு போதும். ஆனால் அடைத்தவன் நாமாகவே இருந்துவிட்டால்? அதனால்தான் பார்ப்பதில்லையோ என்னவோ.

பன்னிரண்டரைக்கு ரேவதி வெளியே வந்தாள். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எப்டி?"

"எழுதியிருக்கேன்."

"காத்து, அழுத்தம்... அதெல்லாம் கேட்டானா?"

"இல்ல. அந்தக் கேள்விய வழிலயே உன்னக் கேட்டுட்டான். நீ ஃபெயில்."

வண்டியில் ஏறினாள். திரும்பி வரும்போது எங்கும் நிற்கவில்லை. ரிசல்ட் வர இன்னும் மாதக்கணக்கில் ஆகும். என்ன வந்தாலும் சரி, இந்த முறை கேட்டுக்கு வெளியே நின்றவன் நான்தான்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல வண்டியைக் கழுவி, சாதா பெட்ரோல் போட்டு, சந்தனக் கிண்ணத்தோடு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். ரேவதி வந்தாள். விரல் நிறையச் சந்தனத்தை வழித்து என் நெற்றியில் அப்பிவிட்டுச் சொன்னாள்:

"இங்க வைண்ணா. அடைச்சாலும் ஒண்ணும் ஆவாது... உள்ள எதுவும் ஓடலியே!"